பேட்டர்ன் மேசையில் நமக்கும் ஓர் இடம்

பல்லடம், அவிநாசி, ஊத்துக்குளி, காங்கேயம் பக்கத்து ஊர்களுக்குக் காலையிலேயே பனியன் கம்பெனி வேன்கள் வந்துவிடுகின்றன. ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருக்கும் நம் காலனிகளின் முன்பும் அவை நிற்கின்றன. ஏறுகிறவர்களில் பத்தாம் வகுப்போ பிளஸ் 2வோ முடித்த பிள்ளைகளும் உண்டு. "என்ன வேலைக்குப் போறே கண்ணு?" என்று கேட்டால், "கைமடி", "செக்கிங்", "பிசிறு வெட்டறது" என்று பதில் வரும். இன்னும் கொஞ்சம் கை பழகியவர்கள் "ஓவர்லாக் டெய்லர்" என்பார்கள்.

இந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் ஏப்ரல் 14க்குக் காலனிச் சுவரில் அம்பேத்கர் படத்தை வரைந்திருப்பார். இன்னொருவர் செல்போனிலேயே பிறந்தநாள் பேனரை வடிவமைத்துத் தருபவர். மார்கழியில் இருபத்தொரு புள்ளிக் கோலத்தைப் பிசகாமல் போடும் தங்கை ஒருத்தி இருப்பாள். இவர்களுக்கு வரையத் தெரியும் என்பது ஊருக்கே தெரியும். கம்பெனிக்கு மட்டும் தெரியாது. அந்தத் திறமைக்கும் பனியன் கம்பெனியில் வேலை இருக்கிறது என்பது பிள்ளைகளுக்கும் தெரியாது.

அப்படிப்பட்ட வேலைகள் எவை, அவை ஏன் நமக்கு எட்டாமல் இருக்கின்றன, எட்டிப் பிடிக்க வழி என்ன என்பதை இந்த வாரம் பேசுவோம்.

ஒரு டி-சர்ட் பிறக்கும் விதம்

தையல் மிஷினுக்கு வருவதற்கு முன்பே ஒரு டி-சர்ட் பல கைகளைத் தாண்டிவிடுகிறது. வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து முதலில் ஒரு படமும் அளவுப் பட்டியலும் வரும். அதைப் பார்த்து முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கைகள், கழுத்து ரிப் என்று ஒவ்வொரு பாகத்தையும் அட்டையில் வெட்டுபவர் பேட்டர்ன் மாஸ்டர். இன்று பல கம்பெனிகளில் இந்த வேலை கம்ப்யூட்டர் திரையில் நடக்கிறது. ஓர் அளவுக்கு வெட்டிய அட்டையைச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மற்ற அளவுகளுக்கு மாற்றுவதைக் கிரேடிங் என்பார்கள். வழக்கமாக ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் மார்புச் சுற்றில் 2 அங்குலம் வித்தியாசம் வரும். ஆனால் தோளும் கையும் கழுத்தும் அதே கணக்கில் வளர்வதில்லை. எது எவ்வளவு வளரும் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அந்த அட்டைப்படி முதல் துணியைத் தைத்துக் காட்டுபவர் சாம்பிள் டெய்லர். வரிசையில் உட்காரும் டெய்லர் நாள் முழுவதும் தோள் மட்டுமே மூட்டலாம், அல்லது கை மட்டுமே வைக்கலாம். சாம்பிள் டெய்லர் முழு உடுப்பையும் ஒருவராகவே தைப்பார். எங்கே துணி இழுக்கிறது, எங்கே சுருங்குகிறது என்று மாஸ்டரிடம் சொல்பவரும் அவர்தான்.

சாயப்பட்டறையின் லேபில் நிறம் பிடிக்கும் வேலை இருக்கிறது. வாடிக்கையாளர் அனுப்பிய துண்டுத் துணியின் நிறத்தை வேறு நூலில், வேறு சாயத்தில் அப்படியே கொண்டுவர வேண்டும். கடை விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு சிவப்பு, பகல் வெளிச்சத்தில் வேறாகத் தெரியும். அந்த வித்தியாசத்தைக் காணும் கண் எல்லோருக்கும் இருப்பதில்லை.

பிரிண்டிங்கில் ஒரு படத்தை நிறம் நிறமாகப் பிரிப்பது தனி வேலை. ஆறு நிறப் படம் என்றால் ஆறு ஸ்கிரீன் வேண்டும். கறுப்புத் துணி என்றால் அடியில் ஒரு வெள்ளைப் பூச்சும் சேரும். படத்தின் அழகு கெடாமல் ஆறு நிறத்தை நான்காகக் குறைக்கத் தெரிந்தவர் கம்பெனிக்கு இரண்டு ஸ்கிரீன் செலவை மிச்சம் பிடித்துத் தருகிறார். எம்பிராய்டரியில் இதற்குப் பஞ்சிங் என்று பெயர். வரைந்த பூவை ஊசி எந்தத் திசையில், எந்த வரிசையில் போட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் எழுதித் தருவது அது. எம்பிராய்டரிக்குக் கூலி ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்ற கணக்கில்தான் போடப்படுகிறது. எனவே பூவும் கெடாமல் தையலும் குறையப் பஞ்சிங் செய்பவருக்கு மதிப்பு அதிகம்.

இந்த வேலைகளின் மதிப்பை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஒரு லட்சம் டி-சர்ட் ஆர்டர் என்று வைத்துக்கொள்வோம். அட்டைகளைத் துணியின் மேல் நெருக்கி அடுக்கி, ஒரு டி-சர்ட்டுக்கு 5 கிராம் துணி மிச்சப்படுத்தினால் மொத்தம் 500 கிலோ துணி மிச்சம். கோலத்தில் புள்ளிக்கு இடம் பார்த்துக் கோடு இழுக்கும் அதே புத்திதான் இங்கே அரை டன் துணியைக் காப்பாற்றுகிறது.

தோல் தைத்த கைகள்

வெட்டுவதும் தைப்பதும் நம் தெருக்களுக்குப் புதிதல்ல. கொங்குச் சீமையில் பம்ப் செட் வருவதற்கு முன்பு கிணற்றுத் தண்ணீர் கவலை கட்டித்தான் இறைக்கப்பட்டது. அதற்கான தோல் வேலையைச் செய்தவர்கள் அருந்ததியர்கள். ஒரு தோலை வீணாகாமல் வெட்டி, தண்ணீர் ஒழுகாமல் மூட்டுவது சாதாரணக் காரியமில்லை. வளைந்த வடிவத்துக்குத் தட்டையான தோலை எப்படி வெட்டுவது என்பதுதான் அதில் உள்ள வித்தை. இன்றைய பேட்டர்ன் மாஸ்டர் துணியில் செய்வதும் அதே வித்தைதான்.

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோவை வட்டாரத்தில் மின்சாரம் பரவி, கிணறுகளில் மோட்டார் ஏறியது. கவலை போனது, அதோடு அந்தத் தோல் வேலையும் போனது. திறமை இருந்த கைக்கு அதற்கு ஈடான வேறு தொழில் கிடைக்கவில்லை. பண்ணையாள் வேலைதான் மிஞ்சியது.

பழைய குலத்தொழிலைப் போற்ற வேண்டும் என்று நாம் இதைச் சொல்லவில்லை. அது விரும்பி ஏற்ற தொழில் அல்ல, சாதி சுமத்திய தொழில். அந்தத் தொழிலோடு தீண்டாமையும் சேர்ந்தே வந்தது. நாம் சொல்ல வருவது வேறு. "இவங்களுக்கு இதெல்லாம் வராது" என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சுக்கு வரலாற்றில் ஆதாரம் கிடையாது.

அம்பேத்கர் 1936இல் சாதி ஒழிப்பு பற்றி எழுதியபோது இதைத்தான் சுட்டிக்காட்டினார். சாதி ஒருவரின் நாட்டத்தையும் திறமையையும் பார்ப்பதில்லை, பிறப்பைப் பார்த்து வேலையை ஒதுக்கிவிடுகிறது. ஒரு தொழில் நசிந்தால் வேறு தொழிலுக்கு மாறவும் அது விடுவதில்லை. அதனாலேயே வேலையின்மைக்குச் சாதியும் ஒரு காரணம் ஆகிறது என்றார் அவர். கவலை போன பிறகு நம் ஊர்களில் நடந்தது அதற்கு நல்ல உதாரணம்.

பனியன் கொடுத்ததும் கொடுக்காததும்

திருப்பூரில் முதல் பனியன் கம்பெனி 1925இல் தொடங்கியது. 1978இல் இத்தாலியிலிருந்து வந்த வெரோனா என்ற வணிகர் வழியாக ஏற்றுமதிக்குக் கதவு திறந்தது. 2024-25இல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்.

இந்த வளர்ச்சியில் நம் மக்களுக்குக் கிடைத்தது என்ன? பொருளியல் ஆய்வாளர் ஜூடித் ஹேயர் 1981-82இல் கோவை, திருப்பூர் வட்டாரக் கிராமங்களில் ஆய்வு செய்தார். அப்போது நம்மவர்கள் பலர் நிலவுடைமையாளர்களிடம் பண்ணையாள்களாக இருந்தார்கள். பின்னர் 1996, 2003-04, 2008-09 என்று அதே ஊர்களுக்கு மீண்டும் மீண்டும் வந்து பார்த்தார். வாழ்க்கை மேம்பட்டிருந்தது. ஆனால் மற்றவர்கள் அதைவிட வேகமாக முன்னேறியிருந்தார்கள், நம்மவர்கள் இன்னும் ஓரத்திலேயே நின்றார்கள் என்பது அவர் கண்டது.

கிரேஸ் கார்ஸ்வெல், கேர்ட் டி நெவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் திருப்பூர் அருகே இரண்டு ஊர்களை ஒப்பிட்டு 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓர் ஊரிலிருந்து தலித்துகள் தினமும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்வந்தார்கள். உள்ளூர் ஆதிக்கச் சாதியினரைச் சார்ந்திருக்கும் நிலை அங்கே தளர்ந்திருந்தது. இன்னோர் ஊரில் விசைத்தறி வேலை. தறி உரிமையாளரிடம் வாங்கிய முன்பணம் அவர்களைக் கட்டிப்போட்டிருந்தது. கடனோடு சேர்ந்து பழைய அடிமைத்தனமும் வேறு உருவில் தொடர்ந்தது. அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே டி-சர்ட்டும் டம்ளரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. எந்த டம்ளர் என்று நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஆக, பனியன் வேலை நமக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்தது உண்மை. சனிக்கிழமை கையில் வாங்கும் வாரச் சம்பளம் யார் தயவும் இல்லாமல் வருகிறது. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் போவது வேறு கதை. சாதாரண விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்த கவுண்டர் சமூகத்தினர் எப்படித் தொழிலாளியாகத் தொடங்கி முதலாளி ஆனார்கள் என்பதை சரத் சாரி 2004இல் வெளியிட்ட தன் நூலில் விரிவாக எழுதினார். உழைப்பு இருந்தது, அதோடு சொந்தபந்தமும் கூட்டாளியும் இருந்தார்கள். பேட்டர்ன் மேசைக்கான வாய்ப்பும் பல நேரம் அப்படித்தான் நகர்கிறது. "நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், மாஸ்டர்கிட்ட விடுங்க" என்று சொல்ல ஆள் இருப்பவருக்கு வழி திறக்கிறது. நம் பிள்ளைக்காக அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

எதிர்பாராத கதவு

எதிர்பாராத இடத்தில் தன் திறமைக்கேற்ற வேலையைக் கண்டடைந்தவர்கள் நம் கண் முன்னே இருக்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டம் புளியங்குளத்திலிருந்து சென்னைக்குப் போன மாரி செல்வராஜ், இயக்குநர் ராமின் அலுவலகத்தில் உதவியாளாகச் சேர்ந்தவர். அங்கேயே உதவி இயக்குநராகி, ஏறத்தாழ பத்தாண்டுகள் தொழில் கற்றார், கதைகளும் எழுதினார். 2018இல் 'பரியேறும் பெருமாள்' வந்தது. சிறு வயதில் வாழைத்தார் சுமந்த அனுபவம் 2024இல் 'வாழை' என்ற படமானது. ஆவடி அருகே கரலப்பாக்கத்தைச் சேர்ந்த பா.இரஞ்சித் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தவர். ஓவியம் படித்த கண்தான் பிறகு சினிமாவுக்குப் போனது.

சினிமாவுக்குப் போகச் சொல்லி இதை எழுதவில்லை. உள்ளே நுழைந்த வேலையும் கடைசியில் நிலைத்த வேலையும் வேறு வேறாக இருக்கலாம் என்பதைக் கவனியுங்கள். கைமடியாக நுழைந்தவர் கைமடியாகவே இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

வடிவத்தை உண்டாக்குகிறவருக்குப் பெயர் கிடைப்பது ஏன் முக்கியம் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2025 ஜூனில் இத்தாலியின் பிராடா நிறுவனம் மிலன் நகரில் நடத்திய ஆடை அணிவகுப்பில், கோலாப்பூர் செருப்பைப் போன்ற செருப்புகள் வந்தன. அந்தச் செருப்பைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருபவர்களில் பெரும்பாலோர் தோல் தொழில் செய்யும் தலித் சமூகத்தினர். 2019இலேயே அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. ஆனாலும் முதலில் கோலாப்பூரின் பெயரே சொல்லப்படவில்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்பதை நிறுவனம் ஒப்புக்கொண்டது. நம் வேலை கடையில் விற்றாலும், வடிவமைத்த இடத்தில் நாம் இல்லையென்றால் பெயரும் பணமும் வேறு எங்கோ போய்விடும்.

எங்கே படிப்பது?

பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஐ.டி.ஐ. முதல் வழி. ஃபேஷன் டிசைன் அண்ட் டெக்னாலஜி, தையல் தொழில்நுட்பம் ஆகிய பிரிவுகள் ஓராண்டுப் படிப்புகள். அரசு ஐ.டி.ஐ.களில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. உங்களுக்கு அருகில் உள்ள ஐ.டி.ஐ.யில் எந்தப் பிரிவு இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிளஸ் 2 முடித்தவர்களுக்குப் பாரதியார் பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரிகளில் காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் என்ற பி.எஸ்சி. படிப்பு இருக்கிறது. முதலிபாளையத்தில் பின்னலாடைத் துறைக்கென்றே நிஃப்ட்-டீ கல்லூரி இயங்குகிறது. தேசிய அளவில் நிஃப்ட் நிறுவனத்தின் நான்காண்டு பி.டெஸ். படிப்பு உண்டு. சென்னை தரமணியிலும் அதற்கு வளாகம் இருக்கிறது. பிளஸ் 2வில் எந்தப் பாடப்பிரிவு படித்திருந்தாலும் நுழைவுத் தேர்வு எழுதலாம். அந்தத் தேர்வில் வரைதலும் கற்பனையும் சோதிக்கப்படுகின்றன. பட்டியல் சாதியினருக்கு 15 சதவீத இடங்களும் வயது வரம்பில் ஐந்தாண்டுத் தளர்வும் உண்டு.

தமிழக அரசின் கல்லூரிச் சேர்க்கைகளில் 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு 2009 முதல் நடைமுறையில் இருக்கிறது. இத்தகைய உள் வகைப்பாடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை இருக்கிறது. சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு ஆகிய மூன்றையும் தேர்வு முடிவுக்கு முன்பே தயார் செய்துவிடுங்கள். பணம் தாமதமாவதற்குப் பல நேரம் இவற்றில் ஒன்று குறைவதே காரணமாகிறது.

சொந்தமாகப் பிரிண்டிங் மேசையோ எம்பிராய்டரி மிஷினோ போட நினைப்பவர்களுக்கு 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் உண்டு. முதலீட்டில் 35 சதவீதம் வரை மானியமும், வங்கிக் கடனுக்கு 6 சதவீத வட்டி மானியமும் அதில் கிடைக்கும். மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை

இந்த வேலை உங்களுக்குப் பொருந்துமா என்று தெரிந்துகொள்ளப் பணம் கட்ட வேண்டாம். பழைய பனியன் ஒன்றை எடுத்துத் தையலை மட்டும் பிரியுங்கள். வரும் பாகங்களைச் செய்தித்தாளில் விரித்து வைத்துச் சுற்றிலும் கோடு போடுங்கள். தையலுக்கு விட்ட இடத்தை அளந்து குறியுங்கள். பிறகு அதே வடிவத்தை உங்கள் தம்பிக்கோ அப்பாவுக்கோ பொருந்தும் அளவுக்கு மாற்றி வரையுங்கள். மீண்டும் வெட்டித் தைத்துப் பாருங்கள். கைக்குழி ஏன் வளைந்திருக்கிறது, கழுத்து ரிப் ஏன் கழுத்துச் சுற்றைவிடக் குறைவாக வெட்டப்படுகிறது என்ற கேள்விகள் உங்களுக்குத் தானாகவே எழுந்தால், இது உங்கள் வேலைதான்.

வரைவதில் ஆர்வம் உள்ளவர்கள் இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளைப் பழைய லேப்டாப்பிலும் போட்டுப் பழகலாம். ஒரு படத்தை நான்கே நிறத்தில் வரைந்து பாருங்கள். செய்தவை எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் தேதி போட்டுச் சேர்த்து வையுங்கள. சிபாரிசுக்கு ஆள் இல்லாதவருக்கு அந்த ஃபைல்தான் சிபாரிசு. ஏற்கெனவே கம்பெனியில் இருப்பவர்கள் அதை நேராகச் சாம்பிள் பிரிவு மாஸ்டரிடம் காட்டி, "அண்ணா, மதிய இடைவேளையில பக்கத்துல நின்னு பார்த்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். ஒருவர் மறுத்தால் இன்னொருவரிடம் கேளுங்கள்.

பெற்றோருக்கும் நிர்வாகத்துக்கும்

பெற்றோரிடம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பீஸ் ரேட்டில் வேகமாகத் தைக்கும் டெய்லரின் சம்பளத்தைவிடப் பயிற்சிக் காலச் சம்பளம் குறைவாக இருக்கலாம். ஒன்றரை ஷிப்ட் பார்த்துக் கொண்டுவந்த பணம் சில மாதங்களுக்குக் குறையும். குழுக் கடன் தவணை இருக்கும் வீட்டில் அது சின்ன விஷயம் அல்ல. எனவே வேலையை விட்டுவிட்டுத் தாவாமல், கணக்குப் போட்டு, முடிந்தால் மாலை நேரப் பயிற்சியாகத் தொடங்குங்கள். "மூணே மாசத்துல டிசைனர், வேலை உறுதி" என்று பெரிய தொகை கேட்கும் இடங்களில் அரசு அங்கீகாரத்தைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். பயிற்சி தருகிறோம், முடிவில் மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று பெண் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் விடுதியில் அடைத்து வைத்த சுமங்கலி திட்டத்தையும் நாம் மறந்துவிடக் கூடாது.

நிர்வாகங்களிடம் நாம் கேட்பது சலுகை அல்ல. சாம்பிள், பேட்டர்ன், டிசைன் பிரிவுகளில் காலியிடம் வந்தால் அதைக் கம்பெனி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கைமடியும் செக்கிங் பெண்ணும் கூட விண்ணப்பிக்கட்டும். ஒரு சின்னச் சோதனை வைத்துத் தேர்ந்தெடுங்கள். இதில் கம்பெனிக்கும் லாபம் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, ஒரே சந்தையை நம்புவது எவ்வளவு ஆபத்து என்று திருப்பூர் கண்டது. புதிய நாடுகளைத் தேடிப் போகப் புதிய சாம்பிள்கள் வேண்டும். அவற்றைச் செய்யும் திறமை தினமும் கம்பெனி வேனிலேயே வந்து இறங்குகிறது.

அரசிடமும் ஒரு கோரிக்கை உண்டு. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் ஓவிய வகுப்பைப் பெயரளவில் இல்லாமல் நடத்த வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அந்த மாணவர்களை ஏதாவது ஒரு கம்பெனியின் டிசைன் பிரிவுக்கு அழைத்துப் போய்க் காட்டினாலே போதும். இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைதான் அதைக் கேட்கும்.

படித்து முடித்து இந்த வேலைகளில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார், அக்காமார் நம்மிலும் சிலர் இருக்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் காலனியின் படிப்பகத்துக்கு வாருங்கள். ஓர் அட்டையும் கத்தரியும் அளவு டேப்பும் கொண்டு வந்தால் போதும். மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.